கிர்கெனெஸ் – வாட்சோ: 38 கிலோமீட்டரைக் கடக்க ஆகும் உண்மையான நேரம்

நோர்வேயின் வடகிழக்கு மூலையில், நிலத்துக்குள் நீளும் கடல்நீர்க் குடாவான வராங்கர் ஃபியோர்டின் தென்பக்கம் கிர்கெனெஸ் விமான நிலையமும் வடகரையில் வாட்சோ விமான நிலையமும் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் இடைவெளி ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். ஆனால் ஈ6 நெடுஞ்சாலை ஃபியோர்டின் மேற்கு முனையான வராங்கர்பொட்ன் வரை சென்று, அங்கிருந்து ஈ75 மறுகரையில் கிழக்கே திரும்புவதால், காரில் போகிறவர் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பல ஆண்டுகளாக விமானம், கார் என இரு வழிகளிலும் போய்வந்த அனுபவத்தில், பயண நேரம் பற்றிச் சில செய்திகளைப் பகிர்கிறேன்.

இணையத்தில் உள்ள விமானப் பயணக் கணிப்பான்கள் காட்டும் தூரத்தை நம்பலாம். நேரத்தை நம்ப இயலாது. சில கணிப்பான்கள் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைக் கூட்டிச் சொல்கின்றன. இங்கே பறப்பதோ குறுகிய ஓடுபாதைகளுக்கு ஏற்ற, 39 இருக்கைகள் கொண்ட டேஷ் 8 வகை விமானம். அது அதிக உயரத்துக்குப் போகாமல் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் ஃபியோர்டைக் கடந்துவிடும். ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்குவதாகவே தோன்றும். இடையில் வேறொரு சிறு நிலையத்தில் இறங்கி ஏறும் சேவையில் சீட்டு எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஆகவே, புறப்படும் நேரத்தோடு வந்துசேரும் நேரத்தையும் பார்த்தே வாங்க வேண்டும்.

கிர்கெனெஸ் நகரிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. வாட்சோவிலோ நிலையம் ஊரை ஒட்டியே உள்ளது. அந்தச் சாலைப் பயணத்தையும் பாதுகாப்புச் சோதனையையும் காத்திருப்பையும் சேர்த்தால், வீட்டுவாசலிலிருந்து வாசல் வரை ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காரில் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆக, விமானம் மிச்சப்படுத்துவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. திரும்பும் விமானத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தால் அதுவும் கரைந்துவிடும்.

கோடையில் நான் காரையே விரும்புகிறேன். நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும், கலைமான்கள் சாலைக்கு வந்தாலும் தொலைவிலேயே தெரியும். நவம்பர் இறுதியிலிருந்து சனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. கிர்கெனெஸ் இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருந்தும் கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுவதால், அந்த மாதங்களின் மங்கிய பகல் வெளிச்சம் பிற்பகல் தொடங்கியதுமே அணைந்துவிடுகிறது. அந்த இருட்டிலும் பனிவழுக்கலிலும் மூன்று மணி நேரம் ஒதுக்காமல் சாலையில் இறங்கக் கூடாது. விமானத்துக்கும் குளிர்காலம் எளிதன்று. குறுக்குக் காற்று பலமாக அடித்தால் வாட்சோவில் இறங்காமலே அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவது உண்டு. இவ்விரு ஊர்களும் அடங்கிய கிழக்கு ஃபின்மார்க் பகுதியின் மருத்துவமனை கிர்கெனெஸில் இருப்பதால், சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட வாட்சோவாசிகள் முந்தைய நாளே போய்விடுவது நல்லது.

மூன்றாவது வழியாகக் கரையோரக் கப்பல் இருக்கிறது. அது வாட்சோவில் காலையில் ஏற்றி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிர்கெனெஸில் சேர்க்கும். ஆனால் தெற்கு நோக்கித் திரும்பும்போது வாட்சோவைத் தொடாமல் நேரே அடுத்த துறைமுக ஊரான வார்தோவுக்குச் செல்வதால், அதில் போகிறவர்கள் திரும்புவதற்கான விமானச் சீட்டையோ பேருந்தையோ முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.