இடுப்பு அறுவைக்குப் பிறகு: சமூக மருத்துவமனையா, நேரே வீடா, தாதிமை இல்லமா?

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் இது இரண்டு முறை நடந்துவிட்டது. முதலில் கணவரின் பெரியப்பா. நான்கு வருடம் கழித்து என் மாமியார். இருவரும் குளியலறையில் வழுக்கி விழுந்துதான் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்கள். அறுவை சிகிச்சை இருவருக்கும் நல்லபடியாகவே முடிந்தது. பெரியப்பாவை வார்டிலிருந்து நேரே வீட்டுக்குக் கூட்டி வந்தோம், அத்தையைச் சமூக மருத்துவமனைக்கு, அதாவது அறுவைக்குப் பிறகு சில வாரம் தங்கி நடை பழகும் மருத்துவமனைக்கு, அனுப்பினோம். பெரியப்பா அதன்பிறகு தனியாக ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அத்தை இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளம்வரை போய் வருகிறார். இருவரின் வயதும் உடம்பும் வேறு; எல்லாவற்றையும் ஏற்பாட்டின் தலையில் போட்டுவிட முடியாது. ஆனால் பெரியப்பா விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவு இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அறுவை முடிந்த சில நாளிலேயே மருத்துவச் சமூக சேவகர் வந்து, "அடுத்து எங்கே?" என்று கேட்பார். அப்போது வீட்டில் எல்லோரும் செலவைப் பற்றியும் யார் லீவு போடுவது என்பதைப் பற்றியும்தான் பேசுவோம். எனக்கு இப்போது ஒரே அளவுகோல்தான்: எந்த இடத்தில் இவர் ஒரு நாளைக்கு அதிக தடவை எழுந்து நிற்பார்? அறுவைக்கு மறுநாளே கட்டிலிலிருந்து எழுப்பி நிற்க வைக்கிறார்களே, அது சும்மா இல்லை. வயதானவர் படுத்தே கிடந்தால் தொடைத்தசை சில நாளிலேயே கரைய ஆரம்பிக்கும். நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும்.

நேரே வீட்டுக்குக் கூட்டி வந்து பணிப்பெண் வைத்துக்கொள்வதைத்தான் நம்மில் பெரும்பாலோர் முதலில் யோசிப்போம். பெரியவருக்குத் தன் கட்டில், தன் சாமி அறை, தன் வீட்டு ரசம். 67 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ள சிங்கப்பூரர் உடன் வசித்தால், பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒருவர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். மருத்துவமனை அவ்வளவு நாள் காத்திருக்காது. 2023 ஜனவரியிலிருந்து பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, விடுப்பாகவே கொடுக்க வேண்டும். அது நியாயமும்கூட. அன்றைக்கு யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

பெரியப்பாவுக்கு வந்த பெண் தங்கமானவர். "அங்கிள், டோன்ட் மூவ்" என்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்தார். சாப்பாடு கட்டிலில், உடம்பு துடைப்பது கட்டிலில், கழிப்பதும் டயாப்பரில். விழுந்துவிடுவாரோ என்ற பயம் அவருக்கும் இருந்தது, எங்களுக்கும் இருந்தது. எப்படி நிற்க வைப்பது, எந்தப் பக்கம் நின்று தாங்குவது என்று அவருக்கு யாருமே கற்றுக்கொடுக்கவில்லை. ஆறு வாரம் கழித்து உட்கார வைத்தபோது பெரியப்பாவின் தொடை என் முன்கை அளவுக்கு மெலிந்திருந்தது. அந்தப் பெண்ணின் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வார்டில் பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சையாளர்) வரும் நேரத்துக்கு அவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டியது நாங்கள்.

சமூக மருத்துவமனை வேறு மாதிரி. அங்கே நாமாகப் போய்ச் சேர முடியாது; அறுவை செய்த மருத்துவமனைதான் விண்ணப்பித்து அனுப்ப வேண்டும். ஈசூன், செங்காங், ஜூரோங், ஊட்ரம் என்று பல வட்டாரங்களில் இருக்கின்றன. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் தங்க வைப்பார்கள். வருமானத்தைப் பார்த்து மானியம் உண்டு, மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதியும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பும் கைகொடுக்கும். அங்கே அத்தையைப் படுக்க விடவே இல்லை. காலையில் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பசியாறக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடை. நான்கு அங்குலப் பலகை ஒன்றை வைத்து ஏறி இறங்கப் பழக்கினார்கள், எங்கள் குளியலறை வாசல் திண்டு அதே உயரம் என்பதால். அந்த அளவை எடுத்துவரச் சொன்னதும் அவர்கள்தான்: கட்டில் உயரம், கழிவறைக் கதவின் அகலம், திண்டின் உயரம். நான் அளவுநாடாவோடு வீட்டில் குனிந்து குனிந்து அளந்து போட்டோ எடுத்து அனுப்பினேன்.

குறை இல்லாமல் இல்லை. பொழுது சாய்ந்தால் அத்தைக்குக் குழப்பம் வந்துவிடும். இறந்துபோன மாமா டிரைஷாவை (சைக்கிள் ரிக்‌ஷா) நிறுத்திவிட்டு வரக் காத்திருப்பதாகச் சொல்லி வாசலையே பார்ப்பார். பெரிய அறுவைக்குப் பிறகு முதியவர்களுக்கு இப்படி வருவதுண்டு. இடம் மாறினால் கூடும். மொழியும் ஒரு தடை. அத்தைக்கு ஆங்கிலம் வராது, ஆனால் நல்ல மலாய் பேசுவார். மலாய்த் தாதி ஒருவர் வேலைக்கு வரும் நாள்களில் அவர் நடக்கும் தூரமே இரட்டிப்பாகும். மற்ற நாள்களில் நானோ நாத்தனாரோ பயிற்சி நேரத்தில் போய் நின்று தமிழில் சொன்னோம். பார்வையாளர் நேரத்தில் பழம் கொடுத்துப் பேசிவிட்டு வருவதைவிட அந்த அரை மணி நேரம்தான் பலன் கொடுத்தது.

தாதிமை இல்லத்தில் குறுகிய காலத்துக்குச் சேர்ப்பது மூன்றாவது வழி. வீட்டில் ஆளே இல்லை, பராமரிப்பவரும் படுத்துவிட்டார் என்றால் அது பெரிய உதவி. நடை திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் என் தேர்வு அது அல்ல. அங்கே முதன்மையான வேலை பராமரிப்பு. பிசியோவோடு செலவாகும் நேரம் குறைவு.

எதைத் தேர்ந்தாலும் என்ன அறுவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தைக்குப் பந்துமூட்டின் பாதியை மாற்றினார்கள். அதனால் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று சொன்னார்கள். மீறினால் மூட்டு நழுவும் ஆபத்து உண்டு. சம்மணம் போட்டுச் சாமி முன்னால் உட்கார்ந்தே எழுபது வருடம் பழகியவருக்கு இது சாதாரண விஷயமில்லை. விளக்கு மாடத்தைச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஏற்றினோம். "நின்னுக்கிட்டு கும்பிட்டா சாமி கோவிச்சுக்காதாம்மா?" என்று கேட்டார். பெரியப்பாவுக்கு எலும்புக்குள் கம்பி வைத்திருந்தார்கள். அந்த வகைக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது தெரியாமல் அவரை இன்னும் கூடுதலாகக் கட்டிப்போட்டோம்.

அத்தை அங்கே இருந்த மூன்று வாரத்தில் வீட்டைத் தயார் செய்தோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முதியோர் வீடுகளுக்காக நடத்தும் ஈஸ் திட்டத்தில் கைப்பிடி, வழுக்காத தரை, சாய்தளம் எல்லாம் கிடைக்கும். நான்கறை வீட்டில் சிங்கப்பூரர்களுக்கு 92.5 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், ஆள் வந்து போட நாளாகும். கம்மோடு நாற்காலிக்கும் (உட்கார்ந்தே கழிக்க உதவும் நாற்காலி) சக்கர நாற்காலிக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக வேறொரு மானியம் உண்டு. அத்தையின் பழைய தாழ்வான கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடத் தாழ இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அவர் கழிவறைக்கு எழும் வழியில் சின்ன விளக்கு ஒன்றும் போட்டோம். அந்த நேரத்துக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று முறை வைத்தோம்; முதல் மாதம் நானும் கணவரும் மாறி மாறி.

பணிப்பெண்ணும் வந்தார், ஆனால் அத்தை வீடு திரும்புவதற்கு நான்கு நாள் முன்பு. அந்த நான்கு நாளும் சமூக மருத்துவமனையில் பிசியோ பக்கத்தில் நின்று, இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தாங்கப் பழகினார். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பகல்நேரச் சிகிச்சை நிலையத்தின் வேன் வருகிறது. ஒன்பது மணி வேனுக்கு எட்டரைக்கே அத்தை வாக்கரோடு மின்தூக்கிக்கு முன்னால் நிற்பார். நாற்காலி போடவா என்று கேட்டால் வேண்டாம் என்பார்.