டபிள்யூசி/சி கோட்டிங்: வழுக்கலுக்கு வாங்கலாம், வெட்டுக்கு வேண்டாம்

மோல்டில் கிரீஸ் போட முடியாத எஜெக்டர் பின் (வார்த்த பொருளை வெளியே தள்ளும் கம்பி), அலுமினியத் தகடு அப்பிக்கொள்ளும் பஞ்ச், எண்ணெய் சரியாகப் போகாத கியர். உலோகம் உலோகத்தைப் பிடிப்பதுதான் தொல்லை என்றால் டபிள்யூசி/சி, அதாவது டங்ஸ்டன் கார்பைடும் கார்பனும் கலந்த மெல்லிய கோட்டிங், கொடுத்த காசுக்கு உழைக்கும். ‘பாலினிட் சி’ என்று விற்பதும் இந்த வகைதான்.

வெற்றிட அறையில் டங்ஸ்டன் கார்பைடு டார்கெட்டை ஆர்கான் அயனிகளால் அடித்துத் தெறிக்க வைத்து, கூடவே அசிட்டிலீன் விடுகிறார்கள். படிவது கடலை மிட்டாய் மாதிரி: சில நானோமீட்டர் கார்பைடு துகள்கள் கடலை, சுற்றியுள்ள உருவமற்ற கார்பன் பாகு. துகள் பாரம் தாங்கும், கார்பன் வழுக்கும். அடியில் பிடிமானத்துக்குக் குரோமியம். மொத்தம் 1 முதல் 4 மைக்ரான்.

கடினம் விக்கர்ஸ் அளவில் 1000–1500தான். வெட்டுக் கருவிகளுக்குப் போடும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் 3000-ஐத் தாண்டும். ஆனால் எண்ணெய் இல்லாமலே எஃகின் மேல் உராய்வு எண் 0.1–0.2. சுமார் 300 டிகிரிக்கு மேல் கார்பன் கெட்டுவிடும். எஃகு துளைக்கும் டிரில்லுக்கு இதைப் போடச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

உரிந்து போனால் எல்லாரும் கோட்டிங்கைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தப்பு அனுப்பிய பாகத்தில்தான். அறைக்குள் சூடு 200–250 டிகிரி வரும். 180-ல் டெம்பர் செய்த (கடினப்படுத்தியபின் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்திய) இஎன்31 எஃகு அங்கேயே இளகி, அளவும் மாறும். 500-க்கு மேல் இரண்டு முறை டெம்பர் செய்த டி2 எஃகு அசையாது. இடிஎம் (மின்பொறியால் அரித்து வடிவமைக்கும் முறை) விட்டுப்போன வெள்ளைப் படலத்தைப் பாலிஷில் முழுதாக எடுங்கள், மேற்பரப்புச் சொரசொரப்பை ஆர்ஏ 0.1 மைக்ரானுக்குள் கொண்டுவாருங்கள். மறுமுனை மூடிய மரைத் துளையில் எண்ணெய் நின்றால் வெற்றிடத்தில் கசிந்து, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். அந்த இடம் பிடிக்காது. துத்தநாகமோ காட்மியமோ கலந்த பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்பு) இருந்தால் அனுப்பவே கூடாது, அறையே பாழாகும். துளைக்குள் விட்டம் அளவு ஆழத்துக்கு மேல் படியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தடிமன் ரிப்போர்ட் மட்டும் போதாது. அதே பேட்ச்சில் ஒரு கடினப்படுத்திய துண்டையும் போடச் சொல்லி, 150 கிலோ ராக்வெல் சி குழி பதித்து, 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். குழி விளிம்பிலிருந்து முடி போலக் கோடுகள் ஓடினால் சரி. கறுப்புப் படலம் செதிலாகப் பெயர்ந்து வெள்ளை எஃகு தெரிந்தால், ஒட்டுதல் தர வரிசையில் (எச்எஃப்1 முதல் 6 வரை) அது மோசமான எச்எஃப்5 அல்லது 6. பேட்ச்சைத் திருப்பி அனுப்புங்கள்.