புனித ஹெலன் சுரூபம்: அழகியமண்டபம் அருகே ஒரு மரச் சிற்பப் பட்டறை

எங்கள் கடற்கரைக் குருசடிக்கு (சிறு சிற்றாலயம்), ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாயும் இயேசுவின் சிலுவையைத் தேடிக் கண்டெடுத்தவர் என்று மரபு சொல்பவருமான புனித ஹெலனின் நான்கு அடி உயரச் சுரூபம் ஒன்றைச் செய்து வாங்கும் பொறுப்பைச் சென்ற ஆண்டு தவக்காலத்தில் பங்குப் பேரவை என்னிடமும் இன்னும் இருவரிடமும் ஒப்படைத்தது. அழகியமண்டபத்திலிருந்து உள்ளே பிரியும் சாலை ஒன்றில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி, தந்தையும் மகனும் சேர்ந்து நடத்தும் மரச் சிற்பப் பட்டறையில் அதைச் செய்தோம். அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது; சுரூபம் செய்கிற ஆசாரி வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குருசடிக்கோ ஆலயத்துக்கோ சுரூபம் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக, முன்பணம் கொடுத்த நாளிலிருந்து தேர்ப்பவனி முடிந்து ஒரு மாதம் வரை நடந்தவற்றை எழுதுகிறேன்.

முன்பு எங்கள் குருசடியில் இருந்தது ஃபைபர் சுரூபம். வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கியது. அச்சில் வார்த்த அந்த முகத்தைப் பிற்பாடு வேறு இரண்டு ஆலயங்களில், ஒன்றில் புனித கத்தரீனாகவும் மற்றொன்றில் புனித லூசியாகவும் பார்த்தேன். கையில் சக்கரம் கொடுத்தால் ஒரு புனிதர், தட்டு கொடுத்தால் இன்னொருவர், சிலுவை கொடுத்தால் எங்கள் ஹெலன். இரண்டு கோடைக்குள் உப்புக்காற்றில் அதன் நீல அங்கி சாம்பல் நிறமாகிவிட்டது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருபது வயதுப் பெண்ணின் வழவழப்பான அந்த முகத்தைப் பார்த்து, எண்பது வயதை நெருங்கும் காலத்தில் எருசலேமுக்குப் பயணம் போன ஒரு மூதாட்டியை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எப்படி அறிந்துகொள்வார்கள் என்பதே என் நீண்டநாள் வருத்தம்.

ஆகவே இம்முறை மரம்தான் என்று முடிவு செய்தோம். மயிலாடிக் கல்லில் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். கல்வேலைக்கு மயிலாடியை விஞ்ச இடமில்லை. ஆனால் திருவிழாவில் தோளில் தூக்கிச் செல்ல வேண்டிய சுரூபத்துக்குக் கல் ஒத்துவராது. பட்டறையில் குமிழ் மரத்தைப் பரிந்துரைத்தார்கள். எடை குறைவு, உளிக்கு இணங்கும், உலர்ந்தபின் அதிகம் முறுக்காது என்பது மூத்த ஆசாரியின் விளக்கம். சிலுவையை மட்டும் பலா மரத்தில் செய்து, வண்ணம் பூசாமல், மரத்தின் இயல்பான மஞ்சள் நிறத்திலேயே விட்டுவிடலாம் என்று அவராகவே சொன்னார். அந்த யோசனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. சுரூபத்தின் மற்ற பகுதிகள் எல்லாம் வண்ணத்துக்குள் மறைந்திருக்க, அவர் தேடிப்போன மரம் மட்டும் மரமாகவே தெரியும் அல்லவா?

மாதிரிப் படம் வந்தபோதுதான் பேச்சு நீண்டது. இளைய ஆசாரி வரைந்து வைத்திருந்தது பழகிய அதே இளம் அரசியைத்தான்: நெடிய கழுத்து, சிவந்த உதடு, கூர்முனைகள் கொண்ட பெரிய கிரீடம், ஊதா அங்கி. ஹெலன் பிறந்தது அரண்மனையில் அல்ல என்பதிலிருந்து நான் தொடங்க வேண்டியிருந்தது. இன்றைய துருக்கியின் வடமேற்கில், பித்தினியா நாட்டின் திரெப்பானும் என்னும் ஊரில், ஏறத்தாழ கி.பி. 250-ஐ ஒட்டி எளிய குடும்பம் ஒன்றில் அவர் பிறந்ததாக மரபு சொல்கிறது. மிலான் ஆயர் புனித அம்புரோஸ் 395-இல், பேரரசர் தியோதோசியுஸின் இறுதிச் சடங்கில் ஆற்றிய உரையில், ஹெலன் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தில் வேலை செய்த பெண் என்பதை மறைக்காமல் சொல்லி, அவரை 'நல்ல சத்திரக்காரி' என்றே புகழ்கிறார். கான்ஸ்டான்டியுஸ் என்ற படைவீரருடன் வாழ்ந்து, இன்றைய செர்பியாவில் உள்ள நிஷ் நகரில் கான்ஸ்டன்டைன் என்ற மகனைப் பெற்றார். கணவர் பதவியில் உயர உயர, பேரரசர் மாக்சிமியனின் குடும்பத்துப் பெண்ணான தியோதோராவை மணந்துகொள்ள வேண்டி வந்தது. 293-இல் கான்ஸ்டான்டியுஸ் சீசர் (துணைப் பேரரசர்) பட்டம் பெறுவதற்குள் ஹெலன் விலக்கி வைக்கப்பட்டிருந்தார். அதன்பின் பல ஆண்டுகள் அவரைப் பற்றி வரலாற்றில் ஒரு செய்தியும் இல்லை. 306-இல் தந்தை இறந்து, யார்க் நகரில் படைவீரர்கள் மகனைப் பேரரசராக அறிவித்தபிறகுதான் தாய் மீண்டும் வெளிச்சத்துக்கு வருகிறார். 324-ஐ ஒட்டி மகன் அவருக்கு அகுஸ்தா (பேரரசி) என்ற பட்டம் கொடுத்து, அவர் முகம் பொறித்த நாணயங்களை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த மூத்த ஆசாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டீச்சர், ராணிக்கு மொகத்துல சுருக்கம் போட்டா ஆளுவ ஒத்துக்கிடுவாவளா?”

நியாயமான கேள்வி. பேரவையிலும் இதே கேள்வி எழுந்தது. நம் ஊர்களில் புனிதை என்றால் இளமையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. நாணயத்தில் உள்ள பக்கவாட்டு முகத்தின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தேன்: தலைமுடியை மேலே சுருட்டிக் கட்டி, அதன்மேல் மெல்லிய பட்டை அணிந்த, உறுதியான தாடை உடைய ஒரு பெண்மணி. இளைய ஆசாரி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, கூர்முனைக் கிரீடத்தைக் கைவிட ஒப்புக்கொண்டார். ஆனால் கிரீடமே இல்லாவிட்டால் ஊர் ஏற்காது என்பதும் உண்மைதான். முடிவில், முடியோடு சேர்த்துச் செதுக்கிய மெல்லிய பட்டையும், திருவிழா நாள்களில் மட்டும் மேலே வைத்து எடுக்கக்கூடிய தனிப் பித்தளைக் கிரீடமும் என்று தீர்த்துக்கொண்டோம்.

கைகளைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தச் சுரூபத்தின் சிறப்பே அங்குதான் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ருஃபினுஸ் எழுதிய ஒரு நிகழ்ச்சியை நான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். எருசலேமில் இறைவனுக்குத் தம்மை அர்ப்பணித்த கன்னியரை ஹெலன் விருந்துக்கு அழைத்து, வேலைக்காரியைப் போல உடுத்திக்கொண்டு, தாமே அவர்களுடைய கைகளில் நீர் ஊற்றி, உணவு பரிமாறி உபசரித்தார் என்பது அது. மூத்த ஆசாரியின் தாயார் முந்திரி ஆலையில் வாழ்நாள் முழுவதும் பருப்பு உடைத்தவர். தொண்ணூறை நெருங்கும் அவர் இன்னும் அந்த வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த முறை நான் போனபோது, ஆசாரி அந்த அம்மாவின் கையில் ஒரு மண்வெட்டிப் பிடியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தார். பெருவிரல் சற்று வெளிப்பக்கம் வளைந்திருக்கும்; விரல் மூட்டுகள் தடித்திருக்கும்; புறங்கையில் இரண்டு நரம்புகள் எழுந்து மணிக்கட்டில் மறையும். அந்தக் கை அப்படியே சுரூபத்தில் பலா மரச் சிலுவையைப் பற்றியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் சுண்டுவிரல் சிலுவையைத் தொடாமல் சிறிது விலகி நிற்பதும் தெரியும். முதுமையில் விரல் முழுதாக மடங்காது என்பதை அறிந்தவர் செதுக்கிய கை அது.

அங்கியின் நிறத்திலும் அவர்கள் எங்கள் பேச்சைக் கேட்டார்கள். பேரரசரின் வரலாற்றை எழுதிய செசரியா ஆயர் யூசேபியுஸ், ஹெலன் எளிய உடையில் மக்களோடு மக்களாக ஆலயங்களில் நின்று வழிபட்டார் என்றும், ஏழைகளுக்குப் பணமும் துணியும் வாரி வழங்கினார் என்றும், சிறையிலும் சுரங்கங்களிலும் கிடந்தவர்களையும் நாடு கடத்தப்பட்டவர்களையும் மீட்டார் என்றும் எழுதுகிறார். அதனால் முழு ஊதா அங்கியை விட்டுவிட்டு, மங்கிய மண்நிற அங்கியும் அதன் ஓரத்தில் விரல் அகல ஊதாக் கரையும் போதும் என்றோம். எனாமல் வண்ணத்தின் கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது முதலில் தயங்கினாலும், பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மினுக்கில்லாத வண்ணத்தையே மூன்று முறை பூசித் தந்தார்கள்.

பீடத்தின் முன்பக்கத்தில் சிலுவை கண்டெடுத்த காட்சியைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். இதில் எனக்குச் சற்று மனப்போராட்டம் இருந்தது. ஹெலன் 326-க்கும் 328-க்கும் இடையே புனித நாட்டுக்குச் சென்றதையும், பெத்லகேமிலும் ஒலிவ மலையிலும் ஆலயங்கள் எழும்பக் காரணமானதையும், அதே காலத்தில் வாழ்ந்த யூசேபியுஸ் தெளிவாகச் சொல்கிறார்; ஆனால் அவர் சிலுவையைக் கண்டெடுத்தார் என்ற செய்தி யூசேபியுஸிடம் இல்லை. சிலுவை மரத்தின் துண்டுகள் உலகெங்கும் பரவியிருப்பதை 350-ஐ ஒட்டி எருசலேம் ஆயர் சிரில் குறிப்பிடுகிறார். சிலுவை கண்டெடுத்ததை ஹெலனோடு சேர்த்துச் சொல்லும் உரைகளில் இன்று நம்மிடம் இருப்பவற்றுள் மிகப் பழையது அம்புரோஸ் 395-இல் ஆற்றிய அந்த உரைதான். அம்புரோஸ் சொல்வதன்படி, மூன்று சிலுவைகளில் ஆண்டவருடையது எது என்பது அதன்மேல் இருந்த எழுத்தால் தெரிந்தது. ருஃபினுஸ் சொல்வதன்படி, ஹெலன் காலத்து எருசலேம் ஆயர் மக்காரியுஸ் சாகும் நிலையில் இருந்த ஒரு பெண்ணை மூன்றாம் சிலுவையால் தொட, அவர் எழுந்து உட்கார்ந்தார். பட்டறையார் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார்கள். நோயாளிப் பெண் பாயில் கையூன்றி எழும் அந்தச் சிறிய உருவம், அரை அடி உயரம்கூட இல்லாதபோதும், நன்றாக வந்திருக்கிறது. காட்சியின் நடுவில் ஹெலனை நிறுத்தாமல், ஓரத்தில், தோண்டிய மண்மேட்டின் அருகே முழந்தாளிட்டவராகக் காட்டியது இளைய ஆசாரியின் சொந்த யோசனை. ரோமில் ஹெலனை அடக்கம் செய்த, இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் செந்நிறக் கற்பேழையில் குதிரை வீரர்களும் கைதிகளும்தான் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர் வாழ்வின் ஒரு காட்சிகூட அதில் இல்லை. இந்தக் குமிழ் மரப் பீடம் அந்த வகையில் அவருக்கு நெருக்கமானது என்றே நான் நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. முதலாவது, பீடத்து எழுத்து. 'கன்னியும் வேதசாட்சியுமான புனித ஹெலன்' என்று செதுக்கி வைத்திருந்தார்கள். வேறொரு புனிதைக்குச் செய்த வேலையின் பழக்கத்தில் வந்த பிழை. ஹெலன் கன்னியும் அல்லர், விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த வேதசாட்சியும் அல்லர். அவர் ஒரு தாய், கணவரால் விலக்கப்பட்டவர், படுக்கையில், மகன் அருகிருக்க, 330-ஐ ஒட்டி ஏறக்குறைய எண்பதாம் வயதில் இறந்தவர். முறிந்த மணவாழ்வின் துயரத்தோடு அவரிடம் மன்றாடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எங்கள் குருசடிக்கும் அப்படி வருபவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பெண்களின் முன்னால் இந்தத் தவறான எழுத்தை வைக்க முடியாது என்று சொன்னேன். முன்பலகையைக் கழற்றி, வேறு பலகையில் 'புனித ஹெலன்' என்று மட்டும் புதிதாகச் செதுக்கித் தந்தார்கள். கூடுதல் பணம் கேட்கவில்லை.

இரண்டாவது, ஆணிகள். சுரூபத்தின் இடக்கையில் உள்ள, இயேசுவைச் சிலுவையில் அறைந்த ஆணிகளைக் குறிக்கும் மூன்று ஆணிகளையும் இரும்பில் அடித்து வைத்திருந்தார்கள். பார்க்க உண்மைபோல இருந்தாலும் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது; துரு இறங்கி உள்ளங்கை வண்ணத்தைக் கெடுத்துவிடும். நாங்கள் சொன்னபிறகு பித்தளைக்கு மாற்றினார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, தாமதமும் வெடிப்பும். ஜூன் முடிவில் தருவதாகச் சொன்னது ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் கைக்கு வந்தது. தென்மேற்குப் பருவமழையில் பட்டியும் வண்ணமும் உலரவில்லை என்பது உண்மையான காரணமே. ஆயினும் 18-ஆம் தேதி திருநாளை வைத்துக்கொண்டு நாங்கள் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. எடை குறையவும் வெடிக்காமல் இருக்கவும் சுரூபத்தின் முதுகைக் குடைந்து, பலகை வைத்து மூடியிருந்தார்கள். அந்த வேலை சுத்தம். பீடத்தை மட்டும் குடையாமல் விட்டதால், செப்டம்பர் மாத வெயிலில் அதன் பின்புறம் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு விட்டது. தகவல் சொன்ன மூன்றாம் நாள் இளைய ஆசாரி பைக்கில் வந்து, அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, வண்ணம் தொட்டுவிட்டுப் போனார்.

மொத்தச் செலவு 68,000 ரூபாய். பித்தளைக் கிரீடமும் டெம்போ வாடகையும் தனி. இதே உயர ஃபைபர் சுரூபத்தோடு ஒப்பிட்டால் மிக அதிகம் என்று ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு. சுரூபத்தைப் புனிதப்படுத்தும் மந்திரிப்பு முடிந்த மாலையில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்கள் நான்கைந்து பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல், அந்தக் கையையே ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டு முத்தி செய்ததை நான் பார்த்தேன். பணத்தைப் பற்றி நான் பிறகு யாரிடமும் வாதாடவில்லை.

இந்தப் பட்டறைக்குப் போகிறவர்கள் மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் அச்சு இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதிலிருந்துதான் முகம் பிறக்கும். எனவே புனிதரின் வாழ்வை நன்றாகப் படித்துக்கொண்டு, கிடைத்தால் பழைய படம் ஒன்றோடு போங்கள். பீடத்து எழுத்தைத் தாளில் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். திருவிழா ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வருமானால், முந்தைய ஆண்டு நவம்பரிலேயே மரத்தடியைப் பார்த்து, பீடத்தையும் குடையச் சொல்லி, முன்பணம் கட்டிவிடுங்கள். மே மாத வெயில் முடிவதற்குள் வண்ண வேலை முடிந்துவிட வேண்டும்.