மூன்று மருத்துவக் கல்லூரிகள், மூன்று அளவுகோல்கள்

ஜனவரியில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடிவு வந்துவிட்டால் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "அத்தனை பாடத்திலும் டிஸ்டிங்ஷன், ஆனாலும் மெடிக்கல் சீட் இல்லை." ஆற்றாமை நியாயம்தான். ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் இட ஒதுக்கீடு என்பது ஒரே சட்டகம் அல்ல. கடந்தகால ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வேண்டும், அநியாயமாகப் பாகுபாடும் காட்டக்கூடாது என்கிறது 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். எப்படி என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது.

முதலில் நம் ஊர், டர்பன். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் பல ஆண்டுகள் இருந்த பங்கீடு: ஆப்பிரிக்கர் 69 சதவீதம், இந்தியர் 19, கலப்பினத்தவர் 9, வெள்ளையர் 2, மீதி பிறர். 69 என்றதும் தமிழ்நாட்டு ஞாபகம் வரும். ஆனால் அங்கே மிச்சமுள்ள 31 சதவீதம் எல்லோருக்கும் திறந்த பொதுப்போட்டி. இங்கே பொதுப்போட்டியே கிடையாது. ஒவ்வொருவரும் தன் இனப் பெட்டிக்குள்தான் மோத வேண்டும். நம் பெட்டியில் உயர்ந்த மதிப்பெண்காரர்கள் நெரிசல். அதனால்தான் அந்த ஜனவரிப் புலம்பல்.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த மாகாணத்தில் இந்தியர்கள் சுமார் 9 சதவீதம். 19 என்பது அதைப்போல இரு மடங்கு. கல்யாண வீட்டில் கோட்டாவைத் திட்டும் மாமாக்கள் வாயிலிருந்து இந்த எண் மட்டும் வந்ததே இல்லை.

1995இல் டர்பன் நீதிமன்றத்துக்கு இதே கேள்வி போனது. நல்ல மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காத ஓர் இந்திய மாணவியின் குடும்பம் வழக்குத் தொடுத்தது, தோற்றது. இந்தியர்களும் ஒடுக்கப்பட்டவர்களே, ஆனால் நிறவெறிக் காலக் கல்வியில் ஆப்பிரிக்கர் பட்ட பாதிப்பு அதைவிடக் கடுமையானது என்றது தீர்ப்பு. 1969-70இல் அரசு ஒரு வெள்ளை மாணவருக்குச் செலவிட்டது சுமார் 282 ரேண்ட் (தென்னாப்பிரிக்கப் பணம்), இந்தியருக்கு 81, ஆப்பிரிக்கருக்கு 17. கரும்பு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள் காசு சேர்த்துப் பள்ளி கட்டிய பெருமை நமக்குண்டு. டர்பனில் இந்தியர்களுக்கென்று எழுந்த உயர்நிலைப் பள்ளியான சாஸ்திரி கல்லூரியும் உண்டு. அந்தப் பெருமையால் 81க்கும் 17க்கும் உள்ள தூரம் குறைந்துவிடாது.

ஆனால் இனப்பெட்டிக்கு வர்க்கம் தெரியாது. இன எண்ணை மட்டும் பார்த்தால், கட்டணப் பள்ளியில் படித்த டாக்டரின் மகளும், நோங்கோமா பக்கத்துக் கிராமப் பள்ளி மாணவியும் அதே 69க்குள் போட்டியிடுகிறார்கள். யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. நிறவெறியை எதிர்த்து ராபன் தீவில் சிறையிருந்த கல்வியாளர் நெவில் அலெக்சாண்டர், நிறவெறி அரசு கொடுத்த இன அடையாளங்களைச் சேர்க்கையில் மறுபடி பயன்படுத்துவதையே எதிர்த்தார்.

ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் 2015 சேர்க்கைக்கு வேறு வழி எடுத்தது: 40 சதவீதம் மதிப்பெண்ணுக்கு மட்டும், 20 கிராமப்புற மாணவர்களுக்கு, 20 ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு, 20 ஆப்பிரிக்க, கலப்பின மாணவர்களுக்கு. 2020இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தந்த 7.5 சதவீதத்தின் அதே தர்க்கம்தான் அந்தப் பள்ளிப் பங்கு. ஓட்டை எங்கே என்றால், பள்ளியின் ஏழ்மையைச் சுற்றுவட்டாரத்தை வைத்து அளக்கிறார்கள். ஓரளவு வசதியான வட்டாரத்துப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பையன் அந்தக் கணக்கில் ஏழையே இல்லை. சாட்ஸ்வொர்த்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய.

கேப்டவுன் பல்கலைக்கழகம் 2016 முதல் கொண்டுவந்த கலப்பு முறையே எனக்குப் பிடித்தது. ஒரு பகுதி இடம் மதிப்பெண்ணுக்கு. இன்னொரு பகுதிக்கு மாணவரிடமே கேள்விகள்: பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், தாத்தா பாட்டி படித்தவர்களா, வீடு அரசு உதவித்தொகையை நம்பி ஓடுகிறதா, பள்ளி எப்படி. பதில்களைப் பொறுத்து மதிப்பெண் 20 சதவீதம் வரை கூடும். இன அடையாளமும் ஒரு பகுதியில் நீடிக்கிறது. ஆனால் அதுவே எல்லாமல்ல. குறை, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கணக்கு புரியாது. சொல்லும் பதில்களைச் சரிபார்ப்பதும் லேசல்ல. டர்பன் முறையை ஒரே வரியில் சொல்லிவிடலாம், இதை முடியாது. இருந்தாலும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

ஆனால் இடம் கிடைத்தால் போதுமா? அரசின் மாணவர் உதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் நிதி, குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான். வாத்தியார், நர்ஸ் என்று இரண்டு சம்பளம் வரும் வீடு அதைத் தாண்டிவிடும். கேப்டவுன் விடுதிச் செலவைத் தாங்கும் அளவுக்குத் தாண்டாது.