தோட்டத்து வீட்டு சோலாருக்கு டியூபுலரா, லித்தியமா?

ஈபி லைன் வராத தோட்டத்துக்கு சோலார் போடப் போகிறேன், எந்த பேட்டரி வாங்கலாம் என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது சைக்கிள் கணக்கைத்தான் (ஒருமுறை நிறைந்து இறங்கினால் ஒரு சைக்கிள்): டியூபுலர், அதாவது குழாய் வடிவத் தகடு வைத்த ஈய பேட்டரி, இத்தனை சைக்கிள், லித்தியம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அது பொய்யில்லை. ஆனால் சித்தப்பா தோட்டத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின் சொல்கிறேன், நம் ஊரில் சித்திரை வெயிலில் எந்த பேட்டரியும் நன்றாகத்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் தேவையைப் பார்ப்போம். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்தது) இரண்டு, எல்இடி பல்பு ஐந்து, ஒரு டிவி, போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு யூனிட். இதோடு பலர் விட்டுவிடுவது இன்வெர்ட்டர் தனக்கே எடுத்துக்கொள்ளும் கரண்ட். சும்மா ஆன் செய்து வைத்ததற்கே 25 வாட் இழுத்தால் 24 மணி நேரத்தில் 0.6 யூனிட் போய்விடும். ஆக 1.6 யூனிட். (பழைய 75 வாட் ஃபேனை வைத்துக்கொண்டு பேட்டரியைப் பெரிதாக வாங்காதீர்கள், ஃபேனை மாற்றுவதுதான் மலிவு.)

இதற்கு 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் இரண்டை சீரிஸில் போட்டு 24 வோல்ட் ஆக்கினால் பேப்பரில் 3.6 யூனிட் வரும், ஆனால் ஆயுள் வேண்டுமென்றால் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, அதனால் கைக்கு வருவது 1.8. லித்தியம் அயன் பாஸ்பேட்டில் 25.6 வோல்ட் 100 ஏஎச் ஒன்று போதும்: மொத்தம் 2.56 யூனிட், 80 சதவீதம் வரை தாராளமாக இறக்கலாம், 2 யூனிட் கிடைக்கும். டியூபுலர்தான் என்று முடிவு செய்தால் சி10 ரேட்டிங்கா, அதாவது 10 மணி நேரத்தில் இறக்கினாலும் சொன்ன அளவு கிடைக்குமா, என்று கேட்டு வாங்குங்கள். சி20 என்றால் அந்த 150 என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு, வேகமாக இறக்கினால் அவ்வளவு வராது.

இனி மழைக்கு வருவோம். வானம் மூடிக்கிடக்கும் நாளில் பேனல் கால் பங்கு கொடுத்தாலே பெரிய விஷயம், அப்படி நாலைந்து நாள் போனால் பேட்டரி எதுவானாலும் நிறையாது. ஈய பேட்டரிக்கு அரைவயிற்றோடு கிடப்பது ஆகவே ஆகாது. தகட்டில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு வெயில் அடித்தாலும் இழந்த கொள்ளளவு திரும்பாது. சித்தப்பாவின் முதல் ஜோடி மூன்றாவது மழைக்காலத்தோடு போனது இப்படித்தான், சைக்கிள் கணக்குப்படி அதற்கு இன்னும் ஆயுள் இருந்தது. லித்தியத்துக்கோ பாதியில் நிற்பது ஒரு தொந்தரவே இல்லை.

இன்னொன்று, மழைக்கு நடுவே மேகம் விலகி இரண்டு மணி நேரம் வெயில் அடிக்குமே, அதை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது. 540 வாட் பேனல் இரண்டு இருந்தால் 24 வோல்ட் பேட்டரிக்குள் 40 ஆம்பியர் அளவுக்குப் போகும். 150 ஏஎச் டியூபுலருக்கு 15 ஆம்பியர்தான் வசதியான சார்ஜ், அதிலும் கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்காகும். லித்தியம் அந்த நாற்பதையும் கிட்டத்தட்ட நிறையும்வரை அப்படியே வாங்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் யோசிக்கவே வேண்டாம், எம்பிபிடி (பேனலின் முழு வாட்டையும் பேட்டரி வோல்ட்டுக்கு மாற்றித் தரும் வகை) எடுங்கள். இன்றைய 540 வாட் பேனல் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தருவது. பிடபிள்யூஎம் என்ற சாதா வகை கன்ட்ரோலர் அதை பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்துவிடும், 13 ஆம்பியரை 26 வோல்ட்டால் பெருக்கினால் 340 வாட்தான், மிச்சம் 200 வாட் வீண்.

டியூபுலருக்கும் நியாயம் இருக்கிறது. கையிலிருந்து முதலில் போகும் பணம் குறைவு, பழசைப் போட்டால் ஈயத்துக்கு விலை உண்டு, பக்கத்து டவுனில் எந்த மெக்கானிக்கும் பார்ப்பார். லித்தியத்தில் பிஎம்எஸ் போர்டு (உள்ளிருந்து பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) போனால் விற்ற கம்பெனிதான் வரவேண்டும். வாரம் ஒருநாள் மட்டும் தங்கும் வீடென்றால் பேட்டரி பெரும்பாலும் நிறைந்தே இருக்கும், அங்கே நான் டியூபுலரைத்தான் சொல்வேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்க்க ஆள் இருந்தால். தினமும் குடியிருக்கும் வீட்டுக்கு, கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்தாவது, லித்தியம்.

மாற்றும்போது இன்வெர்ட்டர் செட்டிங்கை மறக்காதீர்கள். டியூபுலர் மோடிலேயே விட்டால் ஈக்வலைஸ் செய்ய (எல்லா செல்லையும் சமமாக நிறைக்க) 30 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப் பார்க்கும், லித்தியம் செட்டுக்கு உச்சவரம்பே 29.2, பிஎம்எஸ் பட்டென்று துண்டித்துவிடும். 28.4இல் வைத்தால் போதும். மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். சித்தப்பா இதை கன்ட்ரோலர் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார்.