இதயக்கருவி பொருத்தியவர்களுக்கு அழுத்தக் காலுறை: பயன் எது, விளம்பரம் எது

இங்கே மதிப்பிடப்படுவது, தொடை வரை நீளும், கணுக்காலில் 20 முதல் 30 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் தரும் காலுறை. இதை அணிபவர் என் தந்தையார். இதயச் செயலிழப்புக்காக மார்பில் சி.ஆர்.டி. கருவி (இதயத்தின் இரு கீழறைகளையும் ஒருங்கே துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் வகை) பொருத்தப்பட்டவர். இடது தொடையிலிருந்து இடுப்பு வரை ஆழ்சிரையில் (தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும் சிரையில்) பெரிய இரத்தக்கட்டு உண்டாகி, அதற்கான சிகிச்சைக்குப் பின்னும் வீக்கம் முழுமையாக வற்றாததால், மருத்துவர் சொல்லி வாங்கினோம்.

விற்பனைப் பக்கத்தில் இக்காலுறை 'இரத்தக்கட்டைக் கரைக்கும்' என்று போட்டிருக்கிறார்கள். அது உண்மையன்று. கட்டு வளராமலும் நுரையீரலுக்குப் போய் அடைக்காமலும் காப்பது, முக்கியமாக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துதான். அத்தகைய மாத்திரையான அபிக்ஸபான் என்றால் வழக்கமாக முதல் 7 நாட்களுக்கு 10 மி.கி. வீதமும், பிறகு 5 மி.கி. வீதமும் நாளுக்கு இருவேளை, குறைந்தது 3 மாதம் கொடுக்கிறார்கள். செயற்கை உலோக வால்வோ, இதயத்துக்கு உதவும் இரத்தப் பம்போ பொருத்தியவர்களுக்கு இம்மாத்திரை பொருந்தாது. அவர்கள் அதே வகை மருந்தான வார்ஃபரின் எடுத்துக்கொண்டு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை விடாமல் செய்துவர வேண்டும். இந்த மருந்துகளுக்குக் காலுறை மாற்றாகாது. பிற்காலத்தில் வரும் நாள்பட்ட கால்வலியையும் தோல் கறுப்பதையும் காலுறை தடுக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சுமார் 800 பேரிடம், போதிய அழுத்தம் தராத போலிக் காலுறையோடு ஒப்பிட்டு நடத்தி, 2014இல் வெளியான 'சாக்ஸ்' (SOX) என்ற ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை.

பிறகு எதற்கு வாங்க வேண்டும் என்றால், வீக்கத்துக்கும் கனத்துக்கும்தான். அந்த வேலையை இக்காலுறை நன்றாகவே செய்கிறது. காலையில் எழுந்ததும் அணிந்த நாட்களில், மாலையில் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் விழும் குழி ஆழமில்லாமல் இருக்கிறது. அணியாத நாளில் அதே இடம் மாவைப் போல அமுங்குகிறது. கால் இழுத்துப் பிடிப்பதாகத் தந்தையார் சொல்வதும் குறைந்திருக்கிறது.

இதயக்கருவி உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, பொதியுறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது: கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பும், தமனிகளில் கடுமையான அடைப்பும் இருந்தால் அணியக் கூடாது. கால்களில் தேங்கிய நீரை இது மேலே தள்ளும்போது, ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு அந்தச் சுமை கூடிவிடும். இரண்டு கால்களும் ஒன்றாக வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் பெரும்பாலும் அது இதயத்தின் வீக்கம். ஒரு கால் மட்டும் திடீரெனப் பெருத்தால் இரத்தக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். கால் நீலம் பாரித்துத் தாங்க முடியாத வலி எடுத்தால், அல்லது திடீரென மூச்சு இரைத்தால், காலுறையைத் தேடாமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையை முன்பக்கத்தில் அச்சிடாதது இத்தயாரிப்பின் பெரிய குறை என்பேன்.

பேஸ்மேக்கர் கம்பிகள் தோளருகே உள்ள சிரை வழியாக இதயத்துக்குள் செல்வதால், சிலருக்கு அந்தப் பக்கத்துக் கையிலேயே கட்டு உண்டாகி, கை வீங்கி, தோளிலும் மார்பிலும் சிரைகள் புடைத்துத் தெரியும். அதற்கும் கைக்கான அழுத்த உறையை இதே நிறுவனம் விற்கிறது. ஆனால் கட்டு பெரும்பாலும் காறை எலும்பை ஒட்டிய பகுதியில் இருக்கும். உறையின் அழுத்தம் அங்கே எட்டாது. மருத்துவர் சொன்னாலன்றி அதை வாங்க வேண்டியதில்லை.

அளவெடுப்பதில் இந்த நிறுவனம் பாராட்டுக்குரியது. கணுக்கால், கெண்டைக்கால், தொடை மூன்றையும், வீக்கம் குறைந்திருக்கும் காலை வேளையில் அளக்கச் சொல்லும் அட்டவணை தெளிவாக உள்ளது. மாட்டுவதுதான் பெரும்பாடு. உள்புறத்தைக் குதிகால் வரை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையால் சிறிது சிறிதாக மேலே தடவி ஏற்ற வேண்டும். நகத்தால் இழுத்தால் கிழியும். தொடையில் நிற்கும் சிலிக்கான் பட்டை வியர்வையில் நழுவி, சுருண்டு கீழே இறங்கியது. சுருண்ட விளிம்பு கயிறு கட்டியதுபோல் இறுக்கி இரத்த ஓட்டத்தையே தடுக்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்டு முழங்காலுக்குக் கீழ் நிற்கும் இரகத்துக்கு மாறினோம். முதியவர்களுக்கு அதுவே ஏற்றது.

மருத்துவமனையில் படுக்கையில் இருக்கும்போது கொடுக்கும் வெள்ளைக் காலுறையும் இதுவும் ஒன்றல்ல. அது கணுக்காலில் சுமார் 18 மி.மீ. அழுத்தம் மட்டுமே தருவது, நடக்காதவர்களுக்கானது.

இக்காலுறையில் மின்சாரம் எதுவும் இல்லை, ஆகவே பேஸ்மேக்கருக்கு இதனால் இடையூறு இல்லை. ஆனால் வாங்கும் பக்கத்தில் 'இதனுடன் சேர்த்து வாங்குங்கள்' என்று பாதத்துக்கு மின்தூண்டல் தரும் கருவி ஒன்றைக் காட்டுகிறார்கள். அவ்வகைக் கருவிகளின் கையேட்டிலேயே, பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் ஆழ்சிரைக் கட்டு உள்ளவர்களும் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. அந்தப் பரிந்துரையை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடும்படி விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.