அப்பாவின் ரேடியோவில் பெரிய ஸ்பீக்கர்: நான்கு வருடம் கேட்ட பிறகு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில் அப்பா வாங்கிய கேசட் ரேடியோ இது. விடியற்காலையில் அவர் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும் முன்பே பாட ஆரம்பித்துவிடும். தோட்டம் செம்பனைக்கு மாறியது, நாங்கள் டவுனை ஒட்டிய தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தோம், அப்பாவும் போய்விட்டார். ரேடியோ அலமாரி மேலேயே இருந்தது. 2021-இல் அதைத் திறந்து, வெளி ஸ்பீக்கரை ஓட்டும்படி மாற்றினேன். அன்று முதல் எங்கள் வீட்டில் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் இதில்தான் ஓடுகிறது.

உள்ளே இருக்கும் 4 அங்குல ஸ்பீக்கர்கள் இன்னும் நன்றாகவே பேசுகின்றன. ஆனால் தவில், மிருதங்கம் வரும் இடத்தில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எல்லாம் அடங்கிப்போகும். ஈப்போ பசார் காராட்டில், அதாவது பழைய சாமான் சந்தையில், 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர் கிடைத்தது. ஆறரை அங்குலம், 8 ஓம் (மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு).

முதலில் ஹெட்ஃபோன் துளையில் மாட்டிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. காதுக்கு அளவாகத்தான் போக வேண்டும் என்று பெரும்பாலும் அந்த வழியில் மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அதனால் உள் ஸ்பீக்கர் கம்பியிலேயே வெளி ஸ்பீக்கரையும் சேர்த்துக் கட்டினேன். அது தவறு. உள்ளே 4 ஓம், வெளியே 8 ஓம், இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்தால் 2.7 ஓம்தான். ஓம் குறைந்தால் மின்சாரம் அதிகம் இழுக்கும். அரை மணி நேரத்தில் ஸ்பீக்கரை ஓட்டும் சில்லு, அதாவது ஐசி, கொதித்து, சத்தம் விட்டுவிட்டு வந்தது. நல்ல வேளை, எரியவில்லை.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்தேன். நீங்கள் செய்வதாக இருந்தால் கம்பியில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்: ஸ்பீக்கரின் மைனஸ் கம்பி கிரவுண்டோடு, அதாவது பேட்டரியின் மைனஸோடு, சேர்கிறதா? ரேடியோவை ஓடவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் மைனஸுக்கும் ஸ்பீக்கரின் மைனஸ் கம்பிக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில ரேடியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பியிலும் பேட்டரி வோல்ட்டில் பாதி, அதாவது 12 வோல்ட் பெட்டியில் 6 வோல்ட் அளவு நிற்கும். அந்த வகையில் இடது வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்கினால் ஐசி போய்விடும். என்னுடையதில் பூஜ்ஜியம் காட்டியது, கிரவுண்டு பொதுதான். அதனால் ஆறு கால் உள்ள ஒரு டாகிள் சுவிட்ச் போதுமானதாக இருந்தது. இரண்டு பிளஸ் கம்பிகளையும் அதில் கொடுத்தேன். ஒரு பக்கம் தள்ளினால் உள் ஸ்பீக்கர், மறுபக்கம் தள்ளினால் வெளி ஸ்பீக்கர். இரண்டும் சேர்ந்து ஓட வழியில்லை. மின்சாரத்தில் ஓடும் பெட்டி என்பதால், கம்பி வேலை செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள், பேட்டரியையும் எடுத்துவிடுங்கள்.

மாட்டிய முதல் இரண்டு வாரம் ஏதோ குறை இருந்தது. அம்மாதான் சொன்னார், "பாடுறவர் எங்க நிக்கிறார்னே தெரியலையே ஐயா." ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. 1.5 வோல்ட் பேட்டரியைப் பிளஸுக்குப் பிளஸாக ஸ்பீக்கர் கம்பியில் ஒரு கணம் தொட்டால், ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அதிரும் காகிதக் கூம்பு) முன்னால் வர வேண்டும். ஒன்றில் உள்ளே போனது. திருப்பிக் கட்டியதும் பாட்டுக்காரர் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார், தவிலும் கூடவே வந்தது.

சத்தம் போதுமா என்று கேட்பவர்களுக்கு: 12 வோல்ட்டில் ஓடும் இப்படிப்பட்ட சாதாரண ஐசி, 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி 2 வாட்டுக்குச் சற்று மேல்தான் தரும். பெட்டி முகப்பில் அச்சடித்திருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். ஒரே சக்திக்கு ஸ்பீக்கர் தரும் சத்தம் 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு மின்சக்தி வேண்டும். அதனால் குறைந்த சக்தியில் உரக்கப் பாடும் பழைய பெரிய ஸ்பீக்கரைத் தேடுங்கள். எங்கள் கூடத்துக்கு வால்யூம் பாதி வைத்தாலே நிறைந்துவிடுகிறது. தீபாவளிக்கு வாசலில் வைத்துத் தெருவுக்கே கேட்க வைக்கும் ஆசை இருந்தால் இது சரிப்படாது.

பெரிய ஸ்பீக்கர் வந்ததும், அதுவரை கேட்காத ஒரு உறுமலும் கேட்டது. பெரிய பேட்டரி எட்டு போட்டு ஓட்டினேன், உறுமல் காணாமல் போனது. ஆக, மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்தான் வறண்டிருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை நேர்மின்சாரமாக்கும் டயோடுகள் வழியாக 100 ஹெர்ட்ஸ் உறுமலாக வரும். சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே பாட முடியாததால் இத்தனை நாள் மறைந்திருந்தது. 2200 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 3300, 25 வோல்ட் போட்டேன். அதோடு சரியானது.

நான்கு வருடத்தில் அதிகம் தொல்லை கொடுத்தது ஈரம்தான். பின்பக்க ஸ்பிரிங் கிளிப்பில் செருகிய செம்புக் கம்பி இரண்டாம் வருடமே கறுத்து, வலது பக்கம் அடிக்கடி செத்துப்போனது. கிளிப்பை எடுத்துத் திருகு முனை போட்டு, கம்பி நுனிக்கு ஈயம் பூசினேன், அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. சுவிட்சும் வால்யூமும் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடிப்பேன், ஆறேழு மாதம் தாங்கும். சாயங்காலம் இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம்.

கேசட் பகுதிதான் இன்னும் பாக்கி. கேசட்டைச் சுற்ற வைக்கும் ரப்பர் பெல்ட் கரைந்து பசையாகிக் கிடக்கிறது. அப்பா பதிந்து வைத்த மூன்று கேசட் இருக்கிறது, அதில் ஒன்றில் அவர் குரலும் இருக்கிறது. பழைய பெல்ட் துண்டை நூலால் அளந்து வைத்திருக்கிறேன். அந்த அளவில் பெல்ட் கிடைத்ததும் இந்தப் பெரிய ஸ்பீக்கரில்தான் அதைப் போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.